பூக்கேட்டு நிரப்பிய கட்டங்கள்

தண்டாயுதபாணியிடம் டீயா காப்பியா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டால் டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம். "டீன்னா சூடா இருக்கும், காப்பின்னா மணமா இருக்கும், நீங்க என்ன சொல்றீங்க பாய்?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு மனிதருக்குத் தன் தொண்டைக்குள் என்ன இறங்க வேண்டும் என்பதுகூடவா தெரியாது? எனக்கு எரிச்சலாக வரும்.

நான் அமானுல்லா. கொடைக்கானல் பஜாரில் பத்திரிகைக் கடை வைத்திருந்தேன். தண்டாயுதபாணி எனக்குச் சிநேகிதர் ஆனது 1957இல். பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்காரர். எட்டாவது வரை படித்துவிட்டு, கிடைத்த வேலைகளை எல்லாம் செய்து, பிறகு நாலு வருஷம் எந்த வேலையும் கிடைக்காமல் திண்டாடிவிட்டு, கடைசியில் ஏரிப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தார். சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் ஏரியும் தெரியாது, படகும் தெரியாது, மூடுபனிக்குள் ஒரு ஸ்டூலில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில்தான் அவருக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்தது.

மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை அது. பெயர் வேண்டாம், இப்போது அது வருவதுமில்லை. அதில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருபது சொற்களுக்கான கட்டம் போடுவார்கள். அந்த இருபது சொற்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். ஒரு வாரம் பறவைகள், ஒரு வாரம் ஆபரணங்கள். என்ன இனம் என்று சொல்ல மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். குறிப்புகளும் நேராக இராது, சுற்றி வளைத்துத்தான் இருக்கும். சரியாக அனுப்பியவர்களின் பெயரை அடுத்த இதழில் போடுவார்கள். அவ்வளவுதான் பரிசு.

இதில் ஆசிரியரின் குறும்பு ஒன்று உண்டு. சில கட்டங்களுக்குக் குறுக்கே வேறு சொல் வராது. அந்த இடத்தில் இரண்டு சொற்கள் கச்சிதமாகப் பொருந்தும். எது சரி என்று குறிப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வாரம் சமையலறைச் சாமான்கள் வந்திருந்தன. 'அறத்தின் தலையை மாற்றினால் புடைக்கும்.' மூன்று எழுத்து. புடைக்கிற சாமானுக்கு எங்கள் பக்கம் சுளகு என்போம், புத்தகத்தில் முறம் என்பார்கள். இரண்டும் மூன்று எழுத்து. இன்னொன்று, 'மனத்தோடு பையைச் சேர்த்தால் குழம்பைக் கலக்கும்.' நான்கு எழுத்து. கரண்டியும் நான்கு, அகப்பையும் நான்கு.

நானும் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கடையில் உட்கார்ந்தபடி பத்திரிகைகளை ஓசியில் படிக்கிறவன் நான். ஊரில் என்னை விவரமானவன் என்று நாலு பேர் சொல்வார்கள். ஆனால் ஒரு தடவைகூட என் பெயர் அச்சில் வந்ததில்லை. டீயா காப்பியா என்று தெரியாத தண்டாயுதபாணியின் பெயரோ, நான்கு வாரம் தொடர்ந்து வந்தது. 'முற்றும் சரியான விடை: க. தண்டாயுதபாணி, கொடைக்கானல்.' நான்காவது வாரம் அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

"எப்பிடிய்யா கண்டுபிடிக்கிறீரு?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

"அது அப்பிடியே வருதுங்க பாய்," என்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

1959 கார்த்திகையில் அவருக்குப் பத்திரிகையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் துணையாசிரியர் சுப்புராஜ் கைப்பட எழுதியிருந்தார். கொடைக்கானலில் தங்கிப் படிக்கும் மகனைப் பார்க்க அடுத்த ஞாயிறு வருகிறாராம். புதிர்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டாராம். வாசகர்கள் 'இது ஏன் சரி, அது ஏன் தப்பு' என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் போடுகிறார்களாம். 'நான்கு வாரம் பிழையின்றி விடை அனுப்பிய தங்களைப் போன்றவரே இதற்குத் தகுதியானவர். வியாழனன்று அச்சுத்தாள் பார்த்து வெள்ளியன்று கொடுக்க வேண்டியிருப்பதால் மதுரையிலேயே குடியிருக்க வேண்டும். நேரில் பேசி முடிவு செய்யலாம்.'

கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தண்டாயுதபாணி அதை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி கந்தம்மாளுக்கு இளைப்பு. மலைக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பிடித்துக்கொண்டது. மழை தொடங்கினால் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். படுத்தால் அடைக்கும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா பச்சையாகவே சொல்லிவிட்டார், இந்த ஊர்க் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது, கீழே கூட்டிக்கொண்டு போ என்று. அன்றிலிருந்து தண்டாயுதபாணி கீழே உள்ள கடை, மில், சத்திரம் என்று ஒன்று விடாமல் வேலை கேட்டு எழுதிப்போட்டார். என் கடையில்தான் தபால் கார்டு வாங்குவார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இப்போது மதுரையே தேடிக்கொண்டு வருகிறது.

"பெறகென்னய்யா? கெளம்ப வேண்டியதுதான்," என்றேன்.

அவர் கடைக்குள் வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழைய பத்திரிகைக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"பாய், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பூக் கேட்டுத்தான் எழுதுனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பூக் கேட்பது என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. பழனிப் பக்கத்து ஆட்கள் பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் முதலில் பூத்தான் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் விஷயத்தை வாய்விட்டுச் சொல்லி, இரண்டையும் குலுக்கிப் போட்டு, ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆனால் குறுக்கெழுத்துப் புதிருக்குப் பூக் கேட்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"என்ன எனம்னு கண்டுபுடிச்சிருவேன். பொருந்துற சொல்லு ரெண்டையும் கொண்டு வந்துருவேன். அதுக்கு மேல ஓட மாட்டேங்குது. ரெண்டும் சரியாத்தான் தெரியுது. அப்பறம் முருகன் படத்துக்கு முன்னால குறிப்ப வாசிப்பேன். வெள்ளைன்னா இந்தச் சொல்லு, செவப்புன்னா அந்தச் சொல்லுன்னு சொல்லிக் குலுக்கிப் போடுவேன். கந்தம்மா எடுப்பா. வர்றத எழுதிருவேன். ஒரு தடவகூடத் தப்பல."

அவர் சாமியை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் நான்கு வாரம், வாரத்துக்கு ஏழெட்டுச் சந்தேகம், ஒன்றுகூடத் தவறாமல் பொட்டலத்தில் வருகிறதென்றால், நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டேன்? கோபமா, சிரிப்பா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

"விடை சரி, ஆனா ஏன் சரின்னு கேட்டா என்ன சொல்லுவேன்? ஞாயித்துக்கெழம வாராரு. என்னைய ஒக்கார வச்சுக் கேப்பாரு. சாமி சொல்லுச்சுன்னு சொன்னா எவன் வேல குடுப்பான்?" என்றார் தண்டாயுதபாணி. கண் கலங்கியிருந்தது.

சரி, விடைதான் கையில் இருக்கிறதே, பின்னாலிருந்து விளக்கத்தைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று நான் தைரியம் சொன்னேன். அந்த வாரம் எனக்கு வேறு சோலியே இல்லாமல் போயிற்று. பழைய இதழ்களை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முறம் ஏன் சரி? நான் ஒரு விளக்கம் சொன்னேன்: பிச்சைக்கு அரிசி கொண்டுவந்து போடுவது முறத்தில், பிச்சையிடுவது அறம், ஆகவே முறம். "சொளகுலயும் கொண்டு வந்து போடுவாங்களே," என்றார் அவர். அகப்பை ஏன் சரி? கரண்டி வெள்ளைக்காரன் வீட்டிலும் இருக்கிறது, அகப்பை நம்மிடம்தான் இருக்கிறது, பத்திரிகைக்காரர் தேசப்பற்று உள்ளவர் என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "அப்ப அந்தப் பை எதுக்கு பாய்?" என்றார். பை எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. சந்தையில் அகப்பை வாங்கிப் பையில் போட்டு வருவதற்காக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

மூன்று நாளில் நோட்டு நிறைந்தது. வாசித்துப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. ஒரு விளக்கம் நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை. முன்பு அவரிடம் இரண்டு சொல் இருந்த இடத்தில் இப்போது இரண்டு சொல்லும் நான்கு விளக்கமும் இருந்தன. போதாததற்கு, இந்த வேலைக்குச் சரி என்று சொல்லவா வேண்டாமா என்றே அவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. "பொய் சொல்லிப் போயி, பெறகு மாட்டிக்கிட்டா, இந்த வேலையும் இருக்காதே பாய். ஆனா போகாட்டி அவ மூச்சு..." என்று பாதியில் நிறுத்திவிடுவார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சுப்புராஜ் ஐயா வந்தார். ஏரிக்குப் பின்னால், இரண்டு அறை கொண்ட தகர வீடு. துணைக்கு இருங்கள் என்று தண்டாயுதபாணி என்னையும் அழைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. ஐயா வயதானவர், மஃப்ளரைக் காது வரை சுற்றியிருந்தார், நல்ல மாதிரியாகப் பேசினார். கந்தம்மாள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். அவளுடைய மூச்சு 'கீச் கீச்' என்று முன்னறை வரைக்கும் கேட்டது.

"அடுத்த மாதத்துக்கு நான் தயார் செய்தது," என்று ஐயா ஒரு தாளை எடுத்தார். "இன்னும் அச்சாகவில்லை. இரண்டே இரண்டு மட்டும் கேட்கிறேன். இனம் என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன், மரம் செடிகள். முதல் குறிப்பு: 'ஏழையின் தலையை மாற்றினால் குலை தள்ளும்.' இரண்டு எழுத்து."

தண்டாயுதபாணி உடனே, "வாழை. இல்லாட்டி பனை. ரெண்டும் ரெண்டு எழுத்து, ரெண்டும் கொல தள்ளும்," என்றார்.

"பலே. எது?"

அதோடு நின்றுபோனார். சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சரி, அடுத்ததைச் சொல்லுங்கள். 'முருகனில் பாதியும் ஒரு கையும் சேர்ந்தால் கீரை.' நான்கு எழுத்து."

"முருங்கை. இல்லாட்டி அகத்தி."

"எது? ஏன்?"

மனிதருக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில். நோட்டை எடுத்தார். திறந்தார். மூடினார். எதற்கும் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் வைத்திருக்கிறவர், ஒரே ஒரு வாக்கியத்தைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. இவ்வளவு நாளும் நான் பூக் கேட்டுத்தான் எழுதுனேன்."

ஐயாவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். பொட்டலத்தைச் சொன்னேன், குலுக்குவதைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டே வந்தார். "நான்கு வாரமும் பூவா?" என்றார். "முப்பது சந்தேகமும் பூவா? அப்படி வர வழியே இல்லையே," என்றார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம், எங்களைவிட அதிகமாகக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார். வேலை போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது அடுப்படிக் கதவருகில் கந்தம்மாள் வந்து நின்றாள். கையில் காப்பித் தட்டு. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"மொதோ விடை வாழைங்க. ஏழையில ஏ-வ எடுத்துட்டு வா-வப் போட்டா வாழை. பனைக்கு அப்பிடி வராது. ரெண்டாவது முருங்கை. முருகன்ல பாதி முரு, அதோட கை. நடுவுல ஒரு எழுத்துத் தானா ஒட்டிக்கிருது. அகத்தியில கையே இல்லைங்களே."

சுப்புராஜ் ஐயா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"முறம்?" என்று நான் கேட்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

"அறத்துல மொத எழுத்த மாத்துனா முறம் அண்ணே. அகப்பையும் அப்பிடித்தான். அகம்னா மனசு, அதோட பை."

பை எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"நீ எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கேம்மா?" என்று ஐயா கேட்டார்.

"அஞ்சாவதுங்க. இவரு சாமி முன்னால குறிப்ப சத்தமா வாசிப்பாரு. ஒண்ணுக்கு மூணு தடவ வாசிப்பாரு. கேட்டுக்கிட்டே இருந்தா பிடிபட்டுரும்."

"தெரிஞ்சதை நேராச் சொல்லியிருக்கலாமே. பொட்டலம் எதுக்கு?" என்றார் ஐயா.

அவள் கணவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "நான் சொன்னா இவரு கேட்டுக்கிட்டு, அதையும் ஒரு பக்கம் வச்சுக்கிட்டு இன்னும் நாலு நாள் யோசிப்பாருங்க. தபாலு போயிரும். சாமி சொன்னா வெரசா எழுதிருவாரு. பொட்டலம் கட்டுறது நான்தானே. வெள்ளைக்கு நூலு ரெண்டு சுத்து, செவப்புக்கு மூணு சுத்து. எடுக்கும்போது வெரலுக்குத் தெரியும்."

சுப்புராஜ் ஐயா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு நாள் அழுத்திய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தண்டாயுதபாணி மட்டும் சிரிக்கவில்லை. சொல்லைத் தேடும்போது வைத்திருப்பாரே, அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னவோ ஒன்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. மனைவியை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"கந்தம்மா," என்றார் கடைசியில். "டாக்டரம்மா சொன்ன அன்னிக்கு, வேலைய விட்டுட்டுக் கீழ போயிரலாமானு பூக் கேட்டமே. வெள்ளைன்னா போவோம், செவப்புன்னா வேற வேல அமையிற வரைக்கும் இங்கயே கெடப்போம்னு கும்புட்டேன். நீதான் எடுத்த. செவப்பு வந்துச்சு."

அவள் காப்பித் தட்டை வைக்க இடம் தேடுவதைப் போல அங்கும் இங்கும் பார்த்தாள்.

"அன்னிக்கும் பொட்டலம் கட்டுனது நீதானா?"

"அப்பத்தான் உங்களுக்கு வேல கெடச்சு ஒரு வருசம்கூட ஆகல," என்றாள் கந்தம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. "நாலு வருசம் சும்மா ஒக்காந்து நீங்க பட்டதப் பாத்தவ நானு. மழைக்கு மட்டுந்தானே இளைக்குது. தாங்கிக்கிரலாம்னு நெனச்சேன்."

அறையில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வருஷமாக அந்த மனிதர் சாமி சொல்லிவிட்டது என்று நம்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தண்டாயுதபாணி எழுந்து போய் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி ஸ்டூலில் வைத்தார்.

சுப்புராஜ் ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் நேர்மையானவர், சுற்றி வளைக்கவில்லை. வேலை கந்தம்மாளுக்குத்தான் என்றார். வீட்டில் இருந்தபடியே அவள் சொல்லச் சொல்லக் கணவர் எழுதிக் கொடுக்கலாம், விளக்கத்துக்குக் கீழே அவள் பெயரைத்தான் போடுவேன் என்றார். ஆனால் இரண்டு பேருக்கு வேலை தர முடியாது. மதுரையில் தண்டாயுதபாணிக்கு என்று ஒன்றும் கிடையாது, அவரே தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது.

கந்தம்மாளின் முகம் மாறிவிட்டது. வேலையில்லாமல் உட்கார்ந்த அந்த நாலு வருஷமும் அவள் கண்ணில் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

"எதுக்கும் ஒரு தடவ பூக் கேட்டுப் பாத்துருவமேங்க," என்றாள் மெதுவாக. பூப் பறிக்க வாசல் மூலையில் இருந்த செவ்வந்திச் செடிப் பக்கம் போகப் போனாள்.

தண்டாயுதபாணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நாங்கள் இருக்கிறோம் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"வேண்டாம் புள்ள," என்றார். "நீ எத எடுப்பேனு எனக்கு இப்பத் தெரியும்."

பிறகு சுப்புராஜ் ஐயா பக்கம் திரும்பி, எந்த வாரம் மதுரைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டார்.